கருக்குழாய் அடைப்பு: கண்டறிவதும் சிகிச்சை பெறுவதும்

திருமணமாகி ஓராண்டு கடந்துவிட்டால் போதும், "ஏம்மா, இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்று எங்கே போனாலும் அக்கேள்வி பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. கணவரிடம் எவரும் கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டில் கேள்வி அறிவுரையாக மாறுகிறது. நேர்த்திக்கடன், நாட்டு மருந்து, வயிற்றைப் பிடித்துவிடும் பாட்டி என்று வரிசையாக யோசனைகள் வருகின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்த பிறகுதான் பல தம்பதியர் மருத்துவரைத் தேடி வருகின்றனர்.

அங்கே எடுக்கப்படும் எக்ஸ்ரேயில் "இரண்டு கருக்குழாய்களிலும் அடைப்பு" என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் எல்லாம் முடிந்துவிட்டது போன்ற நிலை ஏற்படுகிறது. அழுகை, பழிச்சொல், சில வீடுகளில் மறுமணப் பேச்சு கூட எழுந்துவிடுகிறது. ஆனால், அந்த ஒரு வரி முடிவான தீர்ப்பாகாது. அடைப்பு எந்த இடத்தில் உள்ளது, அது உண்மையான அடைப்புதானா, பெண்ணின் வயது என்ன, கணவரின் விந்தணு நிலை எப்படி என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே எந்த முடிவுக்கும் வர முடியும். இவற்றுக்கு விடை காணாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கிடைக்காத ஆண்டாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு காலத்தில் குழந்தைப்பேறின்மையை எதிர்நோக்குகிறார். பெண்களிடம் காணப்படும் காரணங்களில் 25 முதல் 35 விழுக்காடு வரை கருக்குழாய்க் கோளாறுகளே ஆகும். ஆகவே, இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோயன்று.

கருக்குழாயின் வேலை

கருப்பையின் மேற்புறத்தில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் கேப்ரியல் பெலோப்பியோ இவற்றை விவரித்து எழுதியதால் 'பெலோப்பியன் குழாய்' என்ற பெயர் நிலைத்தது. ஒவ்வொரு குழாயும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. கருப்பையை ஒட்டிய பகுதியில் அதன் உள்வழி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே இருக்கும். சினைப்பைப் பக்கம் போகப்போக அது அகன்று, இறுதியில் விரல்கள் போன்ற நுண்ணிய நீட்சிகளுடன் புனல் வடிவில் முடிகிறது.

மாதந்தோறும் சினைப்பையிலிருந்து வெளிப்படும் கருமுட்டையை இந்த விரல்களே வாரி எடுத்துக் குழாய்க்குள் சேர்க்கின்றன. கருமுட்டை விந்தணுவுடன் சேரக்கூடிய காலம் ஒரு நாளுக்கும் குறைவுதான். இந்தச் சேர்க்கை நடப்பது கருப்பையில் அன்று. குழாயின் அகன்ற பகுதியில்தான். உருவான கருவை, குழாயின் உட்சுவரில் உள்ள மிக நுண்ணிய மயிரிழைகள் அசைந்து அசைந்து மூன்று நான்கு நாட்களில் கருப்பைக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே, குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதன் விரல்களும் உட்சுவரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அடைப்பை நீக்கிய பின்பும் சிலருக்குக் கரு தங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

அடைப்பு ஏன் ஏற்படுகிறது?

முதன்மையான காரணம் கிருமித்தொற்று. கிளமிடியா, கொனோரியா போன்ற பாலுறவு வழி பரவும் கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் குழாய்களைத் தாக்குகின்றன. புண் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. அத்தழும்பே குழாயை ஒட்ட வைத்து அடைத்துவிடுகிறது. இதில் கிளமிடியா மிகவும் மோசமானது. பெரும்பாலான பெண்களுக்கு அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பல ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்று பரிசோதிக்கும்போதுதான் பாதிப்பு தெரியவருகிறது.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பல ஆண்டுகள் நடத்தப்பட்டு 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் கடுமையைத் தெளிவாகக் காட்டியது. இடுப்புப் பகுதி அழற்சி ஒரு முறை வந்த பெண்களில் 8 விழுக்காட்டினருக்குக் கருக்குழாய்ப் பாதிப்பால் குழந்தைப்பேறின்மை ஏற்பட்டது. இரண்டு முறை வந்தவர்களில் அது 19.5 விழுக்காடாகவும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 விழுக்காடாகவும் உயர்ந்தது. அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதற்கு இந்த எண்களே போதுமான சான்று. மருத்துவர் கொடுக்கும் மருந்தை முழுமையாகச் சாப்பிட வேண்டும். கணவரும் உடன் சிகிச்சை பெற வேண்டும். இல்லையெனில் கிருமி மீண்டும் வந்து சேரும்.

இங்கே ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பழைய கிளமிடியாத் தொற்று இருந்ததாகச் சோதனை காட்டினால், அது எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆணின் உடலிலும் அது அறிகுறியின்றித் தங்கியிருக்கக்கூடும். இந்தச் சோதனை முடிவைக் கொண்டு மனைவியின் நடத்தையைச் சந்தேகிப்பதற்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் கிடையாது.

பாலுறவுக்குச் சற்றும் தொடர்பில்லாத காரணங்களும் பல உள்ளன. சிறு வயதில் குடல்வால் வெடித்து வயிற்றில் சீழ் பரவியிருந்தால், குழாய்களைச் சுற்றிச் சவ்வுகள் ஒட்டிக்கொள்ளலாம். காசநோய்க் கிருமி பிறப்புறுப்புகளைத் தாக்கினால், பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது கருக்குழாய்களே. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், முன்பு செய்த வயிற்று அறுவைச் சிகிச்சை, குழாயில் கரு தங்கிய பழைய பாதிப்பு, பாதுகாப்பற்ற முறையில் செய்யப்பட்ட கருக்கலைப்பு, குழாயின் வாயருகே வளர்ந்த நார்க்கட்டி ஆகியவையும் காரணமாகலாம். குடும்பக் கட்டுப்பாட்டிற்காகக் குழாயைக் கட்டிக்கொண்டு, பின்னர் மீண்டும் குழந்தை வேண்டும் என்று வருவோரும் உண்டு.

மாதவிடாய் ஒழுங்காக வந்தாலும்...

"மாதா மாதம் சரியாகத்தானே வருகிறது, பிறகு எப்படிக் குழாயில் அடைப்பு இருக்கும்?" என்று பலர் கேட்பதுண்டு. மாதவிடாய் இரத்தம் கருப்பையின் உட்சுவரிலிருந்து வருகிறது. கருக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தாலும் மாதவிடாய் தவறாது. கருமுட்டையும் வழக்கம்போல் வெளிப்படும். ஆகவே, ஒழுங்கான மாதவிடாயை வைத்துக் குழாய் நன்றாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. சோதனை ஒன்றே வழி.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்? எந்தத் தடுப்பு முறையும் இல்லாமல் ஓராண்டு ஒழுங்காக இல்லறம் நடத்தியும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனை தேவை. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். முன்பு இடுப்புப் பகுதி அழற்சி, குடல்வால் வெடிப்பு, காசநோய், குழாயில் கரு தங்கியது போன்ற பாதிப்பு இருந்தவர்கள் அதுவரை கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

பெண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே கணவரின் விந்தணுச் சோதனை முடிந்திருக்க வேண்டும். அது வலியில்லாத, செலவு குறைந்த சோதனை. குழந்தைப்பேறின்மை உள்ள தம்பதியரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் ஆணின் குறையும் பங்கு வகிக்கிறது. மனைவியை மூன்று ஆண்டுகள் மருத்துவமனைக்கு அலையவிட்டு, இறுதியில் கணவரின் குறையைக் கண்டுபிடிக்கும் அவலம் இனியும் தொடரக் கூடாது.

எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே

கருக்குழாயைச் சோதிக்க முதலில் செய்யப்படுவது எச்.எஸ்.ஜி. எனப்படும் எக்ஸ்ரே. மாதவிடாய் நின்ற பின், கருமுட்டை வெளிப்படுவதற்கு முன், பொதுவாக ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இது எடுக்கப்படுகிறது. அந்த மாதம் சோதனை முடியும் வரை தம்பதியர் உறவைத் தவிர்க்க வேண்டும். கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய திரவம் மெதுவாக உள்ளே விடப்படும். அது கருப்பையை நிரப்பி, குழாய்களில் ஓடி, மறுமுனையில் வயிற்றுக்குள் சிந்துவது திரையில் தெரிந்தால் குழாய் திறந்துள்ளது என்று பொருள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது. மாதவிடாய் வலி போன்ற இழுப்பு வலி இருக்கலாம். முன்கூட்டியே வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சோதனைக்குப் பின் காய்ச்சலோ கடும் வலியோ வந்தால் உடனே திரும்பிச் செல்ல வேண்டும்.

இச்சோதனையால் வேறொரு பயனும் உண்டு. திரவம் குழாயைக் கழுவிச் செல்வதால், சிலருக்கு அடுத்த சில மாதங்களில் இயற்கையாகவே கரு தங்குகிறது. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த திரவம் பயன்படுத்தப்பட்டவர்களில் 39.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குள் கருவுற்றனர். நீர் கலந்த திரவம் பெற்றவர்களில் அது 29.1 விழுக்காடு. எந்தத் திரவம் பொருத்தமானது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். எண்ணெய்த் திரவத்தில் அயோடின் இருப்பதால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும்.

எக்ஸ்ரே தவறாகக் காட்டுமா?

காட்டக்கூடும். சோதனையின்போது வலியாலும் அச்சத்தாலும் கருப்பைத் தசை இறுகிவிடுவதுண்டு. அப்போது குழாயின் தொடக்கப் பகுதி தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. திரவம் உள்ளே போகாது. திரையில் அது அடைப்பு போலவே தோன்றும். சில வேளைகளில் சளி போன்ற சிறு கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். கருப்பையை ஒட்டிய பகுதியில் இரண்டு குழாய்களும் அடைபட்டிருப்பதாகக் கூறப்பட்ட பெண்களுக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்த ஓர் ஆய்வில், 60 விழுக்காட்டினருக்குக் குழாய் திறந்திருந்தது தெரியவந்தது. 'அடைப்பு' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் மனம் உடைந்துபோகக் கூடாது என்று கூறப்படுவது இதனால்தான்.

ஒரு தம்பதியரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மனைவிக்கு 31 வயது, திருமணமாகி மூன்று ஆண்டுகள். கணவரின் விந்தணுச் சோதனை நன்றாக உள்ளது. மனைவியின் எக்ஸ்ரேயில் இரு குழாய்களும் தொடக்கத்திலேயே அடைபட்டுள்ளன. இவர்கள் அடுத்த நாளே பெருந்தொகை கொடுத்துச் சோதனைக்குழாய் சிகிச்சைக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மீண்டும் ஒரு சோதனை செய்து அடைப்பு உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள இவர்களுக்குக் காலம் உண்டு. அதே எக்ஸ்ரே 40 வயதுப் பெண்ணுக்கு வந்திருந்தால் ஆலோசனை வேறு விதமாக இருக்கும். அவருக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். படம் ஒன்றாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றாக இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அதையே வேண்டும் என்று வற்புறுத்துவது சரியாகாது.

எக்ஸ்ரேக்குப் பதிலாக, உப்பு நீர் அல்லது நுரைத் திரவத்தைச் செலுத்தி ஸ்கேன் வழியாகப் பார்க்கும் முறையும் பல மருத்துவமனைகளில் வந்துள்ளது. இதில் கதிர்வீச்சு இல்லை. எல்லாவற்றிலும் உறுதியானது லேப்ராஸ்கோபி. முழு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமரா பொருத்திய கருவியைச் செலுத்துவர். கருப்பை வழியாக நீல நிறச் சாயம் விடப்படும். சாயம் குழாயின் நுனியில் வந்து சொட்டுகிறதா என்பதை மருத்துவர் நேரிலேயே பார்க்கலாம். குழாயைச் சுற்றியுள்ள ஒட்டுச்சவ்வு, எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றை எக்ஸ்ரே சரியாகக் காட்டாது. லேப்ராஸ்கோபியில் அவை தெரியும். முடிந்தால் அப்போதே சரிசெய்யலாம். ஆயினும் இது அறுவைச் சிகிச்சை என்பதால் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

இடத்தைப் பொறுத்தே சிகிச்சை

ஒரு குழாய் மட்டும் அடைபட்டு மற்றொன்று நன்றாக இருந்தால், பெரும்பாலும் அச்சப்படத் தேவையில்லை. நல்ல குழாய் ஒன்று இருந்தாலே இயற்கையாகக் கரு தங்க வாய்ப்புண்டு. மறுபக்கச் சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டையைக் கூட அக்குழாய் எடுத்துக்கொள்ளக்கூடும். கருமுட்டை வளர மாத்திரை கொடுத்து ஊக்குவிப்பதோ, விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவதோ இவர்களுக்குப் பயன் தரலாம்.

கருப்பையை ஒட்டிய தொடக்கப் பகுதியில் மட்டும் அடைப்பு இருந்தால், மெல்லிய கம்பி போன்ற குழாயைக் கருப்பை வழியாகச் செலுத்தித் திறந்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. சளியோ சிறு கட்டியோ அடைத்திருந்தால் இது நல்ல பலன் தரும். தழும்பால் இறுகிய அடைப்பில் பலன் குறைவு. திறந்த குழாய் மீண்டும் மூடிக்கொள்வதும் உண்டு.

விரல்கள் உள்ள மறுமுனையில் அடைப்பு இருந்தால் நுண் அறுவைச் சிகிச்சை வழியாகத் திறக்க முயலலாம். பாதிப்பு குறைவாகவும், உட்சுவர் நன்றாகவும், பெண் இளம் வயதினராகவும் இருந்தால் இது பொருத்தமானது. பாதிப்பு கடுமையாக இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. குடும்பக் கட்டுப்பாட்டிற்காகக் கட்டிய குழாயை மீண்டும் இணைக்கவும் நுண் அறுவைச் சிகிச்சை உண்டு. இணைத்த பின் குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமலும் பெண்ணின் வயது குறைவாகவும் இருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது.

நீர் கோத்த குழாய்

மறுமுனை மூடிய குழாயில் நீர் சேர்ந்து அது வீங்கிவிடுவதை ஹைட்ரோசால்பிங்ஸ் என்பர். இதற்குத் தனிக் கவனம் தேவை. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு ஒட்டவிடாமல் செய்கிறது. சோதனைக்குழாய் முறையில் நல்ல கருவை உருவாக்கி வைத்தாலும், இந்த வீங்கிய குழாய் அப்படியே இருந்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆகவே, முதலில் லேப்ராஸ்கோபி வழியாக அக்குழாயை அகற்றவோ, கருப்பையை ஒட்டிய இடத்தில் அதை மூடிவிடவோ ஆலோசனை கூறப்படுகிறது. குழந்தை வேண்டி வந்த பெண்ணிடம் குழாயை எடுத்துவிடலாம் என்று சொன்னால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால், கெட்டுப்போன குழாயை அகற்றுவதே குழந்தைக்கு வழிவிடும் செயல் என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொள்ள வேண்டும்.

அடைபட்ட குழாய்க்காகவே பிறந்த சிகிச்சை

ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய் முறை, கருக்குழாய் அடைபட்ட பெண்களுக்காகவே முதலில் உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த லெஸ்லி பிரவுன் என்ற பெண்மணிக்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்பது ஆண்டுகள் அவர் குழந்தைக்காகக் காத்திருந்தார். டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ, ஆய்வாளர் ராபர்ட் எட்வர்ட்ஸ், அவர்களுடன் பணியாற்றிய ஜீன் பர்டி ஆகியோரின் முயற்சியால், 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஓல்டாம் நகரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவே உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வட்டாரத்தில், 1983ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம் தலைமையிலான குழு இம்முறையில் வெற்றி கண்டது. இலங்கையில் பிறந்த தமிழரான அவரின் சாதனை அன்று ஆசியா முழுவதும் பேசப்பட்டது.

ஊசி மருந்து கொடுத்துச் சினைப்பையில் பல முட்டைகளை வளரச் செய்து, அவற்றை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுவுடன் சேர்த்து, உருவான கருவைக் கருப்பைக்குள் வைப்பதே இம்முறை. கருக்குழாயின் வேலையை ஆய்வுக்கூடம் செய்துவிடுகிறது. ஆனால், கருமுட்டையின் வயதை எந்த ஆய்வுக்கூடத்தாலும் குறைக்க முடியாது. 35 வயதுக்குப் பின் வெற்றி வாய்ப்பு குறையத் தொடங்கி, 40க்குப் பின் வேகமாகச் சரிகிறது. எஞ்சியுள்ள கருமுட்டை இருப்பை இரத்தச் சோதனை வழியாக ஓரளவு அறியலாம். முதல் முயற்சியிலேயே எல்லாருக்கும் வெற்றி கிடைத்துவிடாது என்பதையும் தம்பதியர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

குழாய் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் கரு தங்கினால், அது குழாய்க்குள்ளேயே தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அடைப்பு நீக்கிய பின்னரும், ஐ.வி.எஃப். முறைக்குப் பின்னரும் கூட இது நேரலாம். மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, இரத்தக் கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் போன்றவை தோன்றினால் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் பெருகினால் உயிருக்கே ஆபத்து. இப்பெண்கள் மாதவிடாய் தவறியதும் இரத்தச் சோதனையும் தொடக்க ஸ்கேனும் செய்து, கரு எங்கே உள்ளது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிடித்துவிட்டால் திறக்குமா?

வயிற்றைப் பிடித்துவிட்டு அடைப்பை நீக்குவதாகச் சொல்வோரும், குடித்தால் குழாய் திறக்கும் என்று மருந்து விற்போரும் இருக்கவே செய்கின்றனர். ஒரு மில்லிமீட்டர் வழியில், உட்புறத் தழும்பால் ஏற்பட்ட அடைப்பை வெளியிலிருந்து கைகளால் நீக்க முடியாது. தழும்பைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை. கிருமியைக் கொல்லும் மருந்து கூட நோயைத்தான் தீர்க்கும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அகற்றாது. கோயிலுக்குச் செல்வதும் வேண்டிக்கொள்வதும் மனத்திற்குத் தெம்பு தருபவை. அவற்றை எவரும் தடுக்கவில்லை. வேண்டுதல் நிறைவேறும் வரை சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கலாம்.

செலவை எண்ணித் தயங்குவோர், அரசாங்க வழிகளை முதலில் விசாரித்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குழந்தைப்பேறு ஆலோசனையும் சிகிச்சையும் வழங்கி வருகிறது. அரசாங்க மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு, வசிப்பிடத்திலுள்ள சுகாதார கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்துடன் செல்லலாம். திருமணமானவர்கள் குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க 2020 முதல் வழி உண்டு. அதே ஆண்டிலிருந்து வருமான வரிக் கழிவும் அனுமதிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். தகுதி பெறும் தம்பதியருக்குப் பொது மருத்துவமனைகளில் அரசாங்க உதவிநிதியும் கிடைக்கிறது. ரசீதுகள், சோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்தி வைத்தால், வேறு மருத்துவரிடம் போகும்போது அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டிய நிலை வராது.

அறிக்கை கையில் கிடைத்ததும் தம்பதியர் இருவரும் சேர்ந்து மருத்துவர் முன் உட்கார வேண்டும். அடைப்பு எந்த இடத்தில்? உறுதி செய்ய வேறு சோதனை தேவையா? குழாயில் நீர் கோத்துள்ளதா? எங்கள் வயதுக்கு அறுவைச் சிகிச்சை நல்லதா, ஐ.வி.எஃப். நல்லதா? எத்தனை மாதம் முயன்ற பின் அடுத்த கட்டத்திற்குப் போவது? இக்கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருமகளின் குழாயில் அடைப்பு என்பது அவள் செய்த குற்றமன்று. சிறு வயதில் வெடித்த குடல்வாலோ, அவளே அறியாத கிருமியோ அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். "மலடி" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் துணிவையே அவள் இழந்துவிடுவாள். அதற்குப் பதிலாக, "வாம்மா, நானும் கூட வர்றேன்" என்று மாமியார் ஒருவர் சொல்லி மருத்துவமனைக்கு உடன் சென்றால், வீணாகப் போகவிருந்த ஓராண்டு அக்குடும்பத்திற்கு மிச்சமாகும்.